மாதம் எவ்வளவு? மொத்தம் எவ்வளவு?

கெடா மாநிலத்தின் தென்பகுதியில் கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. தோட்டத்து மக்களுக்கு வேலை, வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில், மளிகைக் கடை ஆகிய யாவும் நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தன. மிதிவண்டி ஒன்று இருந்தால் போதும். குடும்பத்தின் போக்குவரத்துத் தேவை நிறைவேறிவிடும்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருவெடுத்தன. 1996ஆம் ஆண்டில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் குரூணில் இயங்கும் மொடெனாஸ் தொழிற்சாலையின் ‘கிரிஸ்’ மோட்டார் சைக்கிள் சாலைகளில் ஓடத் தொடங்கியது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்தனர். வீடு ஓரிடத்திலும் வேலை வேறிடத்திலுமாக வாழ்க்கை அமைந்தது. பேருந்து அடிக்கடி வராத பகுதிகளில் கார் என்பது ஆடம்பரம் அன்று; அது தேவையாகிவிட்டது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1994ஆம் ஆண்டு வெளிவந்த பெரோடுவா கஞ்சிலும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் காரை எட்டும் பொருளாக்கின.

ஆயினும், காரை முழுப்பணம் கொடுத்து வாங்குவோர் சிலரே. பெரும்பாலோர் வங்கியின் நிதியுதவியுடன் மாதத் தவணையில்தான் வாங்குகின்றனர். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் ஏற்கும் மிகப் பெரிய கடன் பெரும்பாலும் இதுவே. எனவே, காரின் நிறத்தையும் வடிவத்தையும் பார்ப்பதோடு அதன் கணக்கையும் பார்ப்பது இன்றியமையாததாகும்.

முதலில் கேட்கப்படும் கேள்வி

கார் விற்பனை நிலையத்திற்குள் ஒரு குடும்பம் நுழைகிறது. இளைஞரான விற்பனையாளர் இன்முகத்துடன் வரவேற்று, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுக்கிறார். பேச்சு பெரும்பாலும் இவ்வாறு தொடங்கும்:

“அண்ணே, மாசம் எவ்வளவு கட்ட முடியும்னு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி கணக்குப் போட்டுத் தர்றேன்.”

“அறுநூறுக்குள்ள இருந்தா நல்லது தம்பி.”

“அப்படின்னா ஒன்பது வருஷம் போட்டுக்கலாம் அண்ணே. ஐந்நூற்றுச் சொச்சம்தான் வரும்.”

தந்தையின் முகம் மலர்கிறது. தாம் நினைத்த தொகையைவிடக் குறைவாகவே தவணை அமைந்துவிட்டது. விற்பனையாளர் பொய் ஏதும் சொல்லவில்லை. அவர் தம் வேலையைத்தான் செய்தார். ஆனால், இந்த உரையாடலில் மூன்று செய்திகள் இடம்பெறவே இல்லை. காரின் விலை என்ன? வட்டி விகிதம் என்ன? ஒன்பது ஆண்டுகளின் முடிவில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்போம்? ‘மாதம் எவ்வளவு?’ என்ற கேள்வி முந்திக்கொண்டதால் ‘மொத்தம் எவ்வளவு?’ என்ற கேள்வி பின்தங்கிவிட்டது.

தவணைக் கணக்கு

எடுத்துக்காட்டாக, காரின் விலை ரிம50,000 எனக் கொள்க. வாங்குபவர் ரிம5,000 முன்பணம் செலுத்துகிறார். மீதமுள்ள ரிம45,000ஐ வங்கி கொடுக்கிறது. வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு. நம் நாட்டில் கார்க் கடனுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது நிலையான வட்டி முறையாகும். அதாவது, முதலில் வாங்கிய முழுக் கடனுக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் வட்டி கணக்கிடப்படும். கடன் மாதந்தோறும் குறைந்து வந்தாலும் வட்டிக் கணக்கு குறையாது.

அதன்படி வரும் தொகைகள்:

5 ஆண்டுகள்: மொத்த வட்டி ரிம6,750, மாதத் தவணை ரிம862.50
7 ஆண்டுகள்: மொத்த வட்டி ரிம9,450, மாதத் தவணை ரிம648.21
9 ஆண்டுகள்: மொத்த வட்டி ரிம12,150, மாதத் தவணை ரிம529.17

ஐந்து ஆண்டுகளை ஒன்பதாக நீட்டினால் மாதத் தவணை ரிம333 குறைகிறது. ஆனால், மொத்த வட்டி ரிம5,400 கூடுகிறது. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு ரிம1,700 ஆகும். ஆக, தவணைக் காலத்தை நீட்டியதற்கான விலை, அச்சம்பளம் பெறும் ஒருவரின் மூன்று மாத உழைப்பைவிட அதிகம்.

இதனால் ஒன்பது ஆண்டுத் தவணை தவறு என்று பொருளன்று. மாதம் ரிம862 கட்ட இயலாத குடும்பத்திற்கு நீண்ட காலத் தவணையே கைகொடுக்கும். ஆனால், அந்த வசதி இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதை அறிந்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. 3 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால், ஒவ்வொரு மாதமும் மீதமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், மேற்கண்ட ஒன்பது ஆண்டுக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 5.5 விழுக்காடாகும். ஆகவே, கார்க் கடனின் 3 விழுக்காட்டை வீட்டுக் கடனின் 4 விழுக்காட்டோடு அப்படியே ஒப்பிட்டு, ‘இதுதான் மலிவு’ என்று முடிவு செய்வது பொருந்தாது. இந்த நிலையான வட்டி முறைக்கு மாற்றாக, குறையும் கடனுக்கு ஏற்ப வட்டி கணக்கிடும் முறையைக் கொண்டுவரும் முயற்சியையும் அரசாங்கம் மேற்கொண்டது. எனவே, கடன் வாங்கும்போது எந்த முறையில் வட்டி கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் கேட்டறிவது நன்று.

தள்ளுபடியும் வட்டியும்

கார் விற்பனையில் தள்ளுபடி கிடைப்பது உண்டு. குறிப்பாக, ஆண்டிறுதியில் தள்ளுபடி கூடுதலாக இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. டிசம்பரில் பதிவு செய்யப்பட்ட கார், ஜனவரி பிறந்ததும் ‘போன ஆண்டுக் கார்’ ஆகிவிடுகிறது. பின்னாளில் அதை விற்கும்போது ஒரு வயது கூடுதலாகக் கணக்கிடப்பட்டு அதன் மதிப்புக் குறையும். மேலும், அந்த ஆண்டில் தயாரிக்கப்பட்ட கார்களை விற்றுத் தீர்க்க வேண்டிய நெருக்கடியும் விற்பனை நிலையங்களுக்கு உண்டு. பல ஆண்டுகள் ஒரே காரை ஓட்ட எண்ணும் குடும்பத்திற்கு ஆண்டிறுதித் தள்ளுபடி நன்மையே. இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிட எண்ணுபவர் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

தள்ளுபடியைத் தனியாகப் பார்க்கக்கூடாது. வட்டியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே காருக்கு இரண்டு நிலையங்கள் இருவேறு சலுகைகளைத் தருவதாகக் கொள்க. முதல் நிலையத்தில் தள்ளுபடி இல்லை; வட்டி 3 விழுக்காடு. இரண்டாம் நிலையத்தில் ரிம2,000 தள்ளுபடி. ஆனால், வட்டி 3.8 விழுக்காடு. இரண்டிலும் முன்பணம் ரிம5,000தான்.

ஐந்து ஆண்டுத் தவணையில், முன்பணத்தையும் சேர்த்து முதல் நிலையத்தில் மொத்தம் ரிம56,750 செலவாகும். இரண்டாம் நிலையத்தில் ரிம56,170 ஆகும். தள்ளுபடி தரும் நிலையமே இலாபம். ஒன்பது ஆண்டுத் தவணையிலோ முதல் நிலையத்தில் ரிம62,150. இரண்டாம் நிலையத்தில் ரிம62,706. இப்போது தள்ளுபடி இல்லாத நிலையம் ரிம556 மலிவாகிவிட்டது!

தள்ளுபடி ஒரு முறைதான் கிடைக்கும். வட்டியோ ஒவ்வோர் ஆண்டும் வளரும். ஒன்பது ஆண்டுத் தவணையில் இவ்விரு சலுகைகளுக்கும் இடையிலான வேறுபாடு மாதத்திற்கு ஐந்து ரிங்கிட்தான். மாதத் தவணையை மட்டும் பார்ப்பவரின் கண்ணுக்கு அது தெரியாது. மொத்தத் தொகையைப் பார்ப்பவருக்கே தெரியும்.

‘முன்பணமே வேண்டாம்’ என்னும் விளம்பரங்களையும் இவ்வாறே ஆராய வேண்டும். வாடகைக் கொள்முதல் சட்டப்படி காரின் விலையில் குறைந்தது 10 விழுக்காடு முன்பணமாகச் செலுத்தப்பட வேண்டும். விளம்பரங்களில் வரும் அத்தகைய சலுகையில் பெரும்பாலும் தள்ளுபடித் தொகையே முன்பணமாகக் காட்டப்படுகிறது. கையிலிருந்து பணம் போகவில்லை. ஆனால், தள்ளுபடியால் குறைந்திருக்க வேண்டிய கடன் குறையவும் இல்லை. விலையைக் கூட்டிக் காட்டிக் கடன் வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால், அதற்கு உடன்படாமல் விலகிவிடுவதே பாதுகாப்பு.

பேரம் பேசும் முறை

பேரம் பேசுவது சண்டை பிடிப்பதன்று. விற்பனையாளரும் உழைத்துச் சம்பாதிப்பவரே. அவருடைய வருமானத்தில் ஒரு பகுதி விற்பனைக் கழிவிலிருந்து வருகிறது. பணிவாகவும் தெளிவாகவும் கேட்பவருக்கு அவர் பணிவாகவும் தெளிவாகவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

பேரம் பேசும்போது நான்கு கணக்குகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, காரின் விலையும் தள்ளுபடியும். இரண்டாவது, பழைய காரைக் கொடுத்து மாற்றுவதாயின் அதற்குக் கிடைக்கும் விலை. மூன்றாவது, வங்கியின் வட்டி விகிதமும் தவணைக் காலமும். நான்காவது, காப்புறுதி, சாலை வரி, பதிவுக் கட்டணம், எண் பட்டை முதலிய இதர செலவுகள். இவற்றை ஒன்றாகக் கலந்து பேசினால், ஒரு பக்கம் விட்டுக்கொடுப்பதுபோல் காட்டி மறுபக்கம் கூட்டிக்கொள்ள இடமுண்டு. பழைய காருக்கு ரிம1,000 கூடுதலாகத் தந்துவிட்டுப் புதிய காரின் தள்ளுபடியில் அதே ஆயிரத்தைக் குறைத்தால் வாங்குபவருக்கு என்ன பயன்?

காப்புறுதியிலும் கவனம் தேவை. இழப்பீடு கோராமல் காரை ஓட்டியவருக்கு ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கிடைக்கிறது. முதல் ஆண்டின் முடிவில் 25 விழுக்காடாகத் தொடங்கும் அக்கழிவு, 30, 38.33, 45 எனப் படிப்படியாக உயர்ந்து 55 விழுக்காடு வரை செல்லும். பழைய காரை விற்பவர் அக்கழிவைத் தம் பெயரிலுள்ள புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்டுப் பெற மறப்போரும் உள்ளனர்.

சாலை வரி காரின் இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரையிலான பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு ரிம20. 1,500 சிசி காருக்கு ரிம90. தொகை பெரிதன்று. ஆனால், பெரிய இயந்திரம் பொருத்திய காருக்குக் காப்புறுதியும் எண்ணெய்ச் செலவும் சேர்ந்தே உயரும்.

இரண்டு அல்லது மூன்று நிலையங்களில் விலை கேட்பது நன்று. ஒவ்வொன்றிலும் விலைப்பட்டியலை எழுத்து வடிவில் பெற வேண்டும். கண்ணாடிக்குக் கருப்புத் தாள், கால்மிதி, ஒளிப்பதிவுக் கருவி என இலவசமாகத் தருவதாகச் சொல்லப்படும் பொருள்களும் அதில் எழுதப்பட வேண்டும். முன்பதிவுக் கட்டணம் செலுத்தினால் அதற்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். கடன் விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் அப்பணம் எவ்வாறு திருப்பித் தரப்படும் என்பதையும் செலுத்தும் முன்பே கேட்டறிய வேண்டும். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்ற வாய்ச்சொல் பின்னர் எவருக்கும் நினைவிருக்காது.

பழைய காரை வாங்குவோர், அதன் ஓட்டத் தூரத்தை மட்டும் நம்பிவிடக்கூடாது. பராமரிப்புப் பதிவுகளைக் கேட்டுப் பார்ப்பதும் நம்பிக்கைக்குரிய பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும் பயன் தரும்.

கார் யாருடையது?

தவணையில் வாங்கிய கார் வீட்டு வாசலில் நிற்கிறது, பூசையும் போட்டாயிற்று. ஆனால், அது யாருடைய கார்? சட்டத்தின் பார்வையில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை வங்கியே அதன் உரிமையாளர். வாங்கியவர் அதை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துபவர். அதனால்தான் இதற்கு ‘வாடகைக் கொள்முதல்’ என்று பெயர் வந்தது. சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் வங்கியின் உரிமைக் கோரல் குறிக்கப்படுகிறது. கடனை முடித்த பிறகு அக்குறிப்பு நீக்கப்பட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் இரு தரப்பினருக்கும் உரிய உரிமைகளையும் கடமைகளையும் வகுப்பதே 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம். ஒப்பந்தத்திற்கு முன்பே காரின் விலை, முன்பணம், வட்டித் தொகை, தவணைத் தொகை ஆகிய விவரங்கள் வாங்குபவரிடம் எழுத்து வடிவில் தரப்பட வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ‘மொத்தம் எவ்வளவு?’ என்ற கேள்விக்கான விடை அத்தாளிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் கையெழுத்திடுவதும் நிரப்பப்படாத படிவத்தில் கையெழுத்திடுவதும் பெருந்தவறு.

கடனை முன்கூட்டியே முடித்தால் வட்டியில் ஒரு பகுதி கழிக்கப்படும். ஆனால், பலர் எண்ணும் அளவுக்கு அது இருக்காது. இக்கழிவைக் கணக்கிடப் பயன்பட்டு வந்த முறைக்கு ‘78 விதி’ என்று பெயர். ஓராண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கு 1 முதல் 12 வரை எண்கள் கொடுத்துக் கூட்டினால் 78 வரும். அதனால் இப்பெயர் வந்தது. இம்முறையில் தொடக்க மாதங்களிலேயே வட்டியின் பெரும்பகுதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேற்கண்ட ஒன்பது ஆண்டுக் கடனைச் சரிபாதிக் காலமான 54ஆம் மாதத்தில் முடிப்பதாகக் கொள்க. மொத்த வட்டி ரிம12,150. பாதிக் காலம் எஞ்சியிருப்பதால் பாதி வட்டி கழிக்கப்படும் என்று தோன்றும். உண்மையில் கழிவது ஏறத்தாழ ரிம3,065. அதாவது, கால் பங்குதான். அதுவரை ரிம28,575 கட்டியிருந்தும், கடனை முடிக்க இன்னும் ஏறத்தாழ ரிம25,510 தேவைப்படும். நாலரை ஆண்டு ஓடிய காருக்குச் சந்தையில் அவ்வளவு விலை கிடைக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தவணை தவறினால்

கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளம் பெறும் குடும்பத்தில் மாத வருமானம் ரிம3,400. ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்த பிறகு கையில் கிடைப்பது ஏறக்குறைய ரிம3,000. அதில் காருக்கு ரிம529 போகும். எண்ணெய், பராமரிப்பு, காப்புறுதி ஆகியவையும் சேரும். தொழிற்சாலையில் கூடுதல் நேர வேலை இருக்கும்போது இது பாரமாகத் தெரியாது. வேலை குறைந்தாலும் வீட்டில் ஒருவர் நோயுற்றாலும் வருமானம் குறையும். தவணை மட்டும் குறையாது. எனவே, கூடுதல் நேரச் சம்பளத்தை நம்பித் தவணைத் தொகையை முடிவு செய்யக்கூடாது. அடிப்படைச் சம்பளத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால், காரைத் திரும்ப எடுக்கும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அதற்கு முன்னர் 21 நாள் அவகாசம் தரும் எழுத்து அறிவிப்பை அனுப்ப வேண்டும். காரின் விலையில் 75 விழுக்காட்டிற்கு மேல் கட்டப்பட்டிருந்தால், நீதிமன்ற ஆணையின்றிக் காரை எடுக்க முடியாது. காரை எடுக்க வருபவர் அதற்குரிய அனுமதியைப் பெற்றவராக இருக்க வேண்டும். திரும்ப எடுக்கப்பட்ட கார் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால், மீதிக் கடனைக் காரை இழந்தவரே கட்ட வேண்டும். கார் போன பின்னும் கடன் நிற்கும் என்பதே இதிலுள்ள கசப்பான உண்மை.

இந்நிலையில், வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பது சிக்கலைப் பெரிதாக்கும். முதல் தவணை தவறும்போதே வங்கியை நேரில் அணுகிப் பேசுவது நன்று. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் தோற்றுவித்த கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏகேபிகே, கடன் சுமையில் தவிப்போருக்கு இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. விற்பனை நிலையம் ஒப்புக்கொண்டபடி நடக்காவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ரிம50,000 வரை இழப்பீடு கோரலாம். அங்கு மனு செய்யக் கட்டணம் ரிம5 மட்டுமே, வழக்கறிஞர் தேவையில்லை.

ஒரு கையெழுத்தின் விலை

தோட்டப்புற வாழ்க்கை ஒருவருக்கொருவர் உதவி வாழ்ந்த வாழ்க்கை. அரிசி இல்லையென்றால் அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். சம்பள நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நல்லுறவு இன்றும் தொடர்கிறது. அதனால்தான், “மாமா, கார் லோனுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க” என்று மருமகன் கேட்டால் மாமாவால் மறுக்க முடிவதில்லை.

ஆனால், பிணையாளராகக் கையெழுத்திடுவது சாட்சிக் கையெழுத்தன்று. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் பிணையாளரே கட்ட வேண்டும். ஓய்வுக்காலத்தில் சேமநிதிப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும் பெரியவருக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பணம் மட்டுமா போகும்? உறவும் போய்விடும்.

இதனினும் ஆபத்தானது, வேறொருவரின் கடனைப் பெயர் மாற்றாமலேயே ‘தொடர்ந்து கட்டுவது’. கார் ஒருவரிடம் இருக்கும். கடன் மற்றொருவர் பெயரில் இருக்கும். காரை ஓட்டுபவர் தவணை கட்டாவிட்டாலும் சாலைக் குற்ற அபராதங்களைச் சேர்த்தாலும் பொறுப்பு பெயருக்குரியவரையே சேரும். அவருடைய கடன் பதிவும் கெட்டுவிடும். பின்னர் அவர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தாலும் கிடைப்பது அரிதாகும். உதவ விரும்புவோர் தம்மால் இயன்ற தொகையை முன்பணத்திற்குக் கொடுக்கலாம். கொடுத்த தொகையோடு அவ்வுதவி முடிந்துவிடும். பிணையாகப் போட்ட கையெழுத்தோ கடன் தீரும்வரை பின்தொடரும்.

படித்த பிள்ளையின் பங்கு

கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுள்ளன. சட்டச் சொற்கள் நிறைந்த அத்தாள்களைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தோர் பலர் எளிதில் படித்துப் புரிந்துகொள்வதில்லை. விற்பனையாளர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்திட்டுவிடுகின்றனர். மும்மொழியும் கற்கும் இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் அங்கு உடனிருந்தால் நிலைமை மாறும். தாளில் உள்ளதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அவரால் முடியும். மாதத் தவணையைத் தவணை எண்ணிக்கையால் பெருக்கி, முன்பணத்தைக் கூட்டி, மொத்தத் தொகையைச் சொல்லவும் முடியும். அதற்கு உயர்கணிதம் தேவையில்லை. ஆரம்பப்பள்ளியில் கற்ற பெருக்கலும் கூட்டலும் போதும்.

“அப்பா, மாசம் ஐந்நூற்று இருபத்தொன்பது, நூற்றெட்டு மாசம். முன்பணத்தோட சேர்த்தா அறுபத்திரண்டாயிரம் ஆகுதுப்பா” என்று பிள்ளை சொல்லும்போது, தந்தை ஒரு கணம் சிந்திப்பார். ஏழு ஆண்டாகக் குறைக்க முடியுமா, முன்பணத்தைக் கூட்ட முடியுமா, சற்றுச் சிறிய கார் போதுமா என்று வீட்டில் கலந்து பேசுவார். அன்றைக்கே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. “வீட்டுல பேசிட்டு நாளைக்கு வர்றோம் தம்பி” என்று சொல்லிவிட்டு எழுந்து வருவதும் பேரத்தின் ஒரு பகுதியே.

‘ஆழமறியாமல் காலை இடாதே’ என்றனர் முன்னோர். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆழத்தை அறிந்து இறங்கச் சொன்னார்கள். கார் வாங்குவதும் அவ்வாறே. மொத்தக் கணக்கை அறிந்து, தன் வருமானத்திற்கு ஏற்றதைத் தேர்ந்து, எழுதியதைப் படித்து, அதன் பிறகே கையெழுத்திடும் குடும்பத்திற்குக் கார் சுமையாகாது. அது வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லும் துணையாகவே இருக்கும்.